ஒரு சர்வே எண்ணைப் பிடித்து ஊர் வரலாற்றுக்குள் போவது எப்படி?

காலனியத்துக்குப் பிந்தைய சமூகத்தை ஆராயப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும் மாணவர்கள் கையில் கோட்பாட்டுப் புத்தகம் நாலு இருக்கும், ஊர் ஒன்றுகூட இருக்காது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க ஊர் அ-பதிவேட்டைப் பார்த்திருக்கீங்களா?" ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணையும் வரிசையாக எழுதி வைத்த நிலப் பதிவேடு அது. வெள்ளைக்காரன் போட்ட கட்டங்களில்தான் இன்றைக்கும் நம் நிலத்தை எழுதி வைத்திருக்கிறோம். அதைப் படிக்கப் பழகினால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை வைத்து அதைப் பார்ப்போம்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"பஞ்சமி நிலமும் சாதியும்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "எங்கள் ஊரில் இந்த நாலு சர்வே எண்கள் யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு, எப்போது போயின?" என்பது கேள்வி. ஒரு ஊர், நாலைந்து எண்கள் போதும்.

2. பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊர்த் தரிசில் மிராசுதாருக்கே முன்னுரிமை இருந்தது. சேரிக்காரர் ஒருவர் தரிசு கேட்டுத் தர்காஸ்து போட்டால் மிராசுதார் ஆட்சேபம் சொல்வார். மனு அங்கேயே நின்றுவிடும். அங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி 1891-ல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. பின்னால் நீங்கள் தேடப்போவது இந்த நிபந்தனையின் தடத்தைத்தான்.

3. அ-பதிவேட்டை வாங்கிப் படியுங்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். சர்வே எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்திலும் ஒவ்வொரு எண்ணுக்கும் பார்க்கலாம். பழைய புல எண், புதிய புல எண், ரயத்துவாரியா (பட்டாதாரர் நேராக அரசுக்குத் தீர்வை கட்டும் நிலம்) அரசு நிலமா, நன்செய்யா புன்செய்யா, தரம், தீர்வை, பரப்பு, பெயர் என்று வரிசையாகப் போகும். எல்லோரும் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் கடைசிக் கட்டத்துக்கு, குறிப்புக் கட்டத்துக்குப் போங்கள். "டி.சி.", "நிபந்தனை" என்று பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் டி.சி. ஊரிலும் "டி.சி. நிலம்" என்றே சொல்வார்கள்.

குறிப்பு இல்லையென்றால் பஞ்சமி நிலம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அதற்குத்தான் அடுத்த படி.

4. யு.டி.ஆருக்கு முன்னால் போங்கள்

இப்போது கையில் கிடைக்கும் அ-பதிவேடு பெரும்பாலும் யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தையது. 1979-ல் தொடங்கி 80-களில் முடிந்த வேலை அது. யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயர் ஏறிய இடங்கள் நிறைய. பழைய நிபந்தனைக் குறிப்பு புதுப் பதிவேட்டுக்கு வராமலே போன இடங்களும் உண்டு. இடையில் 1980-ல் கர்ணம், மணியக்காரர் பதவிகளும் ஒழிந்தன. ஊர்க் கணக்கைத் தலைமுறையாக வைத்திருந்த கைகள் மாறிய அதே சமயத்தில் பதிவேடும் மாறியது. என்னைக் கேட்டால் தனி ஆய்வே செய்யத்தக்க இடம் இதுதான். 1947-ஐவிட, பல ஊர்களுக்கு இந்தப் பத்து வருடம்தான் பெரிய திருப்பம்.

அதனால் வெள்ளைக்காரன் காலத்தில் தீர்வை நிர்ணயித்தபோதும் திருத்தியபோதும் எழுதிய செட்டில்மென்ட், ரீசெட்டில்மென்ட் பதிவேடுகளின் நகலைத் தாலுகா அல்லது மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "அதெல்லாம் இல்லப்பா" என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுத்தில் கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். ஊர், பழைய சர்வே எண், எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டு கணக்குகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பழையது ஏக்கர், சென்ட். புதியது ஹெக்டேர், ஏர். ஒரு ஏக்கர் சுமார் 40.47 ஏர். அடங்கலில், அதாவது ஊரின் வருடாந்தரச் சாகுபடிக் கணக்கில், வருவது பசலி ஆண்டு. அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கும். பசலி 1390 என்றால் 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை. நான் முதல் கட்டுரையில் ஜூலைக் கணக்கை மறந்து, ஒரு பட்டா மாறுதலை ஒரு வருடம் முன்தேதியில் எழுதிவிட்டேன். மொத்த வாதமும் சாய்ந்தது.

5. காப்பகத்தில் அந்தந்தக் காலத்துச் சொல்லைத் தேடுங்கள்

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிப் போங்கள். வருவாய் வாரிய நடவடிக்கைகளின் அட்டவணையிலிருந்து தொடங்கலாம். அங்கே போய் "தலித்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டுக் கோப்பில் "பறையர்", "பஞ்சமர்" என்றிருக்கும். 1922-ல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு "ஆதிதிராவிடர்" என்ற பெயரை ஏற்றது. 1935 இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு "ஷெட்யூல்டு" (பட்டியல் சாதி) வருகிறது, பின்னால் "ஹரிஜன்" வருகிறது. 1920-களின் மனைக்கட்டு (குடியிருப்பு மனை) கோப்புகளை லேபர் கமிஷனர், அதாவது தொழிலாளர் ஆணையர், தலைப்பிலும் தேடுங்கள். ஒடுக்கப்பட்டோர் நலன் அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. அரசு இவர்களைக் குடிமக்களாகப் பார்க்கும் முன்னே கூலியாட்களாகப் பார்த்தது, அந்தத் தலைப்பிலேயே தெரிகிறதல்லவா?

6. பெரியவர்களிடம் உட்காருங்கள்

பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சர்வே எண் யாருக்கும் நினைவிருக்காது. நிலத்துக்கு ஊர் வைத்த பெயரைக் கேளுங்கள். ஒரு பாட்டியிடம் "எத்தனை ஏக்கர் ஆயா?" என்று கேட்டுவிட்டு விழித்திருக்கிறேன். "ஏக்கரு என்னா ஏக்கரு, ரெண்டு காணி. எங்க மாமனாரு கல்யாணச் செலவுக்குக் கைமாத்து வாங்கினாரு, அவங்க உழுதுக்கிட்டாங்க" என்றார். அந்தப் பக்கத்துக் காணி 1.32 ஏக்கர். பழைய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 2 ஏக்கர் 64 சென்ட் என்று இருந்தது. விற்பனைப் பத்திரம் எதுவும் இல்லை. கைமாற்றுக் கடனுக்கு நிலம் போன கதை எந்தக் கட்டத்திலும் ஏறாது.

வருடம் கேட்டாலும் சொல்லத் தெரியாது. "எமர்ஜென்சிக்கு முந்தியா பிந்தியா?", "எம்.ஜி.ஆர். செத்தப்போ நெல்லு யாரு அறுத்தா?" என்று கேட்டால் வந்துவிடும்.

நிலத்தை இப்போது வைத்திருப்பவர்களிடமும் பேசுங்கள், ஆனால் ஒரே நாளில் இரண்டு தெருவுக்கும் போகாதீர்கள். காரணை என்ற ஊரில் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். நமக்கு அது ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம். அங்கே இருப்பவர்களுக்கு அன்றாடம்.

7. ஒரே தாளில் ஒட்டுங்கள்

ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். இடப்பக்கம் பதிவேடுகள் சொல்வது, வலப்பக்கம் வாய்மொழி, நடுவில் ஆண்டு. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தைச் சீக்கிரம் எழுதிவிடலாம். முரண்படும் வரிக்குச் சிவப்பு மை போட்டு, அதிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் இன்றைய சர்வே எண்ணையும் அச்சில் மாற்றிவிடுங்கள். மாற்றாத தாளின் நகல் ஒன்றை, பேச்சுக் கொடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். மனு எழுத அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.