ஒரு பாக்ஸ், இரண்டு டிஷ்: ஒன்றையொன்று குழப்பாமல் இணைப்பது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு டிஷ்கள் நிற்கின்றன. சிறியது டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கானது, 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் தென்கிழக்கே பார்க்கிறது. ஆறடி சி-பேண்ட் டிஷ் தென்மேற்கே, 66 டிகிரியில் உள்ள இன்டெல்சாட்-17ஐப் பார்க்கிறது. டிஷ்ஷைத் திருப்பிச் சிக்னல் பிடிக்க உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக, இரண்டையும் ஒரே செட்-டாப் பாக்ஸில் இணைப்பதற்கு வருகிறேன்.

தயவுசெய்து ஸ்ப்ளிட்டர் (கேபிள்களை வெறுமனே ஒன்றாகச் சேர்க்கும் துண்டு) வாங்காதீர்கள். நான் வாங்கினேன். தனித்தனியே தெளிவாகத் தெரிந்த சேனல்கள், கேபிள்களைச் சேர்த்ததும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றன. இரண்டு நாள் டிஷ்ஷை அசைத்து அசைத்துப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை.

டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவிதான் எல்.என்.பி. அதற்குள் ஒரு பெருக்கி இருக்கிறது. அதற்கு மின்சாரம் பாக்ஸிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் போகிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து அலை, 18 வோல்ட் என்றால் கிடை அலை. வானத்தில் சிறிய டிஷ் பிடிக்கும் கேயு-பேண்ட் அலைகளும் பெரியது பிடிக்கும் சி-பேண்ட் அலைகளும் எவ்வளவு தள்ளி இருந்தாலும், எல்.என்.பி.யை விட்டு இறங்கும்போது இரண்டும் 950 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் ஒரே அலைவரிசைக்கு வந்துவிடும். இரண்டு எல்.என்.பி.க்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால் சிக்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒன்று விழித்திருக்கும்போது மற்றது தூங்க வேண்டும். அதைச் செய்வது டைசெக் சுவிட்ச்.

1. பாக்ஸின் மின்இணைப்பைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. கேபிளின் நடுக்கம்பி, அதைச் சுற்றியுள்ள உலோக வலையில் உரசினால் பாக்ஸ் கெட்டுவிடலாம்.

2. சிறிய டிஷ்ஷின் கேபிளை முதல் துளையிலும், பெரியதை இரண்டாம் துளையிலும், பாக்ஸுக்குப் போவதை 'ரிசீவர்' துளையிலும் மாட்டுங்கள். எது எதில் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

3. பாக்ஸின் மெனுவில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும். ஜிசாட்-15: எல்.என்.பி. 9750/10600, டைசெக் 1. இன்டெல்சாட்-17: எல்.என்.பி. 5150, டைசெக் 2, 22கே (22 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை) 'ஆஃப்'. ஒன்றை அமைத்துவிட்டு மற்றதை மறந்தால், பாக்ஸ் தவறான டிஷ்ஷில் தேடிவிட்டுச் சிக்னல் இல்லை என்று சொல்லும்.

திருகி மாட்டும் கனெக்டரை நான் நம்புவதில்லை. கருவியால் அழுத்திப் பொருத்துவதையே வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒருமுறை கழற்றிப் பார்த்தபோது நடுக்கம்பி முழுவதும் பச்சைக் களிம்பு. இப்போது சுவிட்சைக் கூரைக்கு அடியில், துளைகள் கீழே பார்க்கும்படி வைத்திருக்கிறேன். கனெக்டருக்கு முன்னால் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

பெரிய டிஷ் இங்கே ஏறக்குறைய வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் சில்வர் ஓக் இலைகள் அதில் சேரும். வாரம் ஒருமுறை அள்ளிவிடுங்கள்.

பின்சேர்க்கை: குன்னூர் வாசகர் ஒருவர், சுவிட்சுக்குப் பிறகு ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாவது டிவிக்கும் பாக்ஸ் வைத்ததும் பாதிச் சேனல்கள் காணாமல் போனதாக எழுதினார். ஒரு பாக்ஸ் 13 வோல்ட்டும் மற்றது 18 வோல்ட்டும் கேட்டால் சுவிட்ச் யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு வெளியீடுள்ள எல்.என்.பி.க்களும், பாக்ஸுக்கு ஒரு சுவிட்சும், தனிக் கேபிளும் வேண்டும்.