காசில்லாத ஞாயிறு: பெங்களூர்க் கோயில் சுவரில் தமிழ் படிப்பது எப்படி?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் படி இறங்கினாலே பர்ஸ் இளைத்துவிடும். கப்பன் பூங்காவுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் எத்தனை வாரம் அங்கேயே போவது? தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பைசா செலவில்லாத பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. எழுநூறு, எண்ணூறு ஆண்டு முந்தைய தமிழ்க் கல்வெட்டுகளைத் தேடிப் படிப்பதுதான் அது.

முதலில் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். வெளிச்சுவரில் தமிழும் கிரந்தமும் கலந்த கல்வெட்டுகள் இருக்கின்றன. மிகப் பழையது 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் தானம் கொடுத்த செய்தி அதில் வருகிறது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்களூர் எது என்று சொல்லவே வேண்டாம். (இதை வைத்து 'பெங்களூர் தமிழ்ப் பெயர்தான்' என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். 'பெங்களூரு' என்ற பெயர் வரும் பழைய கன்னடக் கல் பேகூரிலேயே இருக்கிறது, அது இதற்கும் சில நூற்றாண்டு முந்தையது.)

கையில் வேண்டியவை: கேமராவுக்கு ஒரு ஃபோன், டார்ச்சுக்கு இன்னொரு ஃபோன், கோடு போட்ட நோட்டு, பென்சில். துணைக்கு ஒருவர் வந்தால் வேலை பாதியாகும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை 7 மணிக்கே போய்விடுங்கள். சிவன் கோயில் என்பதால் பிரதோஷத்தன்றும் கார்த்திகைத் திங்கட்கிழமையும் வேண்டாம், சுவர்ப் பக்கம் நிற்கவே இடம் இருக்காது. அர்ச்சகரிடம் கன்னடத்தில் "ஷாசன நோடபஹுதா? ஃபோட்டோ தெகீபஹுதா?" (கல்வெட்டைப் பார்க்கலாமா? ஃபோட்டோ எடுக்கலாமா?) என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கேட்காமல் டார்ச்சோடு சுவரைத் தடவிக்கொண்டு நின்றால் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

முதல் தடவை போகிற பலரும் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம் வெளிச்சம். நேராக விழும் வெளிச்சத்தில் வெட்டெழுத்து மறைந்துவிடும். சாய்ந்து விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் கட்டி எழுத்து எழும்பி வரும். காலை வெயில் கிழக்குச் சுவரில் நேருக்கு நேர் மோதுகிறது, அப்போது அங்கே ஒன்றும் தெரியாது. அதே நேரத்தில் வடக்கு, தெற்குச் சுவர்களில் ஒன்றை, பருவத்தைப் பொறுத்து, அது உரசிக்கொண்டு போகும். எனவே 8 மணிக்கு வெயில் உரசும் அந்தப் பக்கத்தைப் பாருங்கள், கிழக்குப் பக்கத்தை 11 மணிக்குத் தள்ளிவையுங்கள்.

நிழலான மூலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்துப் பிடியுங்கள். இடப்பக்கமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம், இரண்டும் அவசியம். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. இடப்பக்க வெளிச்சத்தில் நெடுங்கோடு தெரியும், படுக்கைக்கோடு காணாமல் போகும். மேலிருந்து அடித்தால் இது தலைகீழாகும். ஒரே படத்தை நம்பினால் 'ட' வெறும் குச்சியாகத்தான் தெரியும். ஒரு வரி சுவர் நீளத்துக்கும் ஓடக்கூடும் என்பதால், முந்தைய படத்தின் கடைசி நாலைந்து எழுத்து அடுத்த படத்திலும் வரும்படி எடுங்கள்.

சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். சுண்ணாம்பு அடைத்த எழுத்தைச் சாவியாலோ நாணயத்தாலோ சுரண்டவே கூடாது. சுண்ணாம்போடு எழுத்தின் விளிம்பும் உதிர்ந்துவிடும்.

இனிப் படிக்கலாம். ட, ப, வ எல்லாம் எளிதில் பிடிபடும். தடுமாறவைப்பவை மூன்று. முதலாவது, புள்ளி பெரும்பாலும் இருக்காது. 'நிலம' என்றிருப்பதை நிலம் என்று நீங்கள்தான் படித்துக்கொள்ள வேண்டும். எகர ஏகாரத்துக்கு, ஒகர ஓகாரத்துக்கு வேறுபாடும் கிடையாது. அடுத்தது, காலும் 'ர'வும் ஒன்றுபோலவே இருக்கும். வ, ஒரு கோடு, ன என்று வந்தால் 'வரன்' ஆகலாம், 'வான்' ஆகலாம். முன்பின் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மூன்றாவது, ஐகாரத்துக்கு இரண்டு கொம்பு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி என்பதே இல்லை.

எடுத்த எடுப்பில் முதல் எழுத்திலிருந்து மல்லுக்கட்டாதீர்கள். 'ஸ்வஸ்திஸ்ரீ' எங்கே என்று தேடுங்கள், தொடக்கம் அதுதான். பிறகு அரசர் பெயர், ஆண்டு, ஊர், கொடுத்தவர், நிலத்தின் நாலு எல்லை என்று பத்திரம் மாதிரியே போகும். சக ஆண்டோடு 78 கூட்டினால் நம் ஆண்டு. தமிழ் எண்ணில் ௲௱௬௰௯ என்று இருந்தால் ஆயிரம், நூறு, ஆறு பத்து, ஒன்பது. அதாவது சகம் 1169, நம் கணக்கில் 1247. முடிவில் 'சந்திராதித்தவரை' வரும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். பல கல்வெட்டுகளில் அதற்கும் பின்னால் ஒரு சாபம் இருக்கும்: இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் குரால் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். குரால் என்றால் கபில நிறம். எழுத்து பாதி அழிந்திருந்தாலும் இந்த வாசகம் மனப்பாடமாக இருந்தால் அந்த வரியைப் பிடித்துவிடலாம். வரி நடுவில் திடீரென்று சம்பந்தமில்லாமல் மாறினால் உங்கள் வாசிப்பைச் சந்தேகிக்காதீர்கள், திருப்பணியில் கல்லை இடம் மாற்றி வைத்திருக்கலாம்.

அடுத்து தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டு மதுரைச் சிவன் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே இருப்பவர் பெருமாள். இங்கும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சனிக்கிழமை கூட்டம் அதிகம். மடிவாளாவிலிருந்து கோரமங்களா வழியாகப் பேருந்தில் போகலாம். பிஎம்டிசி சாதாரணப் பேருந்தில் கர்நாடக அரசின் சக்தி திட்டப்படி பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஏசி வண்டியில் செல்லாது. அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். ஆதாரில் இன்னும் சேலம், திருப்பத்தூர் முகவரியே வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இலவசமானாலும் பூஜ்ய டிக்கெட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு அல்சூர் ஏரிக்கரை. பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து படங்களைத் திறங்கள். கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டி, இரண்டு வெளிச்சப் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் ஏற்றுங்கள். புரியாத எழுத்துக்கு ஊகித்து எதையும் நிரப்பாமல் ஒரு கோடு போட்டு விடுங்கள். நோட்டில் எழுதி முடித்த பிறகே பி.எல். ரைஸ் தொகுத்த 'எபிகிராஃபியா கர்னாடிகா' 9-ஆம் தொகுதியைத் திறக்க வேண்டும். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் வட்டவாரியாக அதில் உள்ளன, 1905-இல் வந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதலிலேயே பார்த்துவிட்டால் விடையைப் பார்த்துக் குறுக்கெழுத்து போட்ட கதைதான். அதோடு ஒப்பிட்டும் தீராத கோடுகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, அடுத்த வாரம் மாலை 5 மணி வெயிலில் அதே சுவருக்குப் போங்கள். வெயில் இந்த முறை எதிர்ப்பக்கத்திலிருந்து விழும்.