திருகோணமலையில் ஓவியர் நின்ற இடத்தைத் தேடி: நடைச்சுற்றுலா நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓவியங்களைத் துணைகொண்டு ஒரு நகரத்தைச் சுற்றிக் காட்ட விரும்புபவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற கட்டடங்களின் பட்டியலோடு தொடங்குகிறார்கள். திருகோணமலைக்கு அந்த முறை ஒத்துவராது. குடாவும் குன்றும் கடலும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் விதமே இங்கு வந்த ஓவியர்களின் கண்ணை ஈர்த்தது. ஆகவே, ஓவியர் எங்கே நின்று வரைந்தார் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு பாதையை வகுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைப் படமாகச் சாமுவேல் டேனியலின் துறைமுகக் காட்சியை எடுத்துக்கொள்வது நல்லது. 1775-இல் பிறந்த இந்த ஆங்கில ஓவியர், தென்னாபிரிக்கக் காட்சிகளை வரைந்து பெயர் பெற்ற பின்னர் இலங்கைக்கு வந்து, 1811-இல் இங்கேயே காலமானார். இலங்கை பற்றி அவர் 1808-இல் இலண்டனில் வெளியிட்ட படத்தொகுப்பில் ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து காணும் திருகோணமலைத் துறைமுகமும் இடம்பெற்றுள்ளது. ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தை ஆங்கிலேயர் 1795-இல் கைப்பற்றிச் சில ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. துறைமுக வாயிலைக் காத்துநின்ற அந்த மேட்டை ஓவியர் தெரிந்தெடுத்த காரணத்தை விளக்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட படம் என்பதால் அச்சிட்டு வழங்கத் தடையில்லை. ஏ-4 அளவில் அச்சிட்டு, காற்றில் மடங்காதபடி தடித்த மட்டையில் ஒட்டி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

ஒஸ்டன்பேர்க் கோட்டை இன்று கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால், நினைத்தவுடன் அங்கே போய் நிற்க முடியாது. உள்ளே செல்ல விரும்பினால் கடற்படையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் நடை வீணாகிவிடாது. உட்துறைமுக வீதியில் நின்று, டேனியல் பார்த்த அதே நீர்ப்பரப்பை எதிர்க்கரையிலிருந்து பார்க்கச் செய்யலாம். இந்தப் பகுதியைக் காலை ஆறரை மணியளவில் தொடங்குங்கள். சூரியன் முதுகுப்புறம் இருப்பதால் மேற்கிலுள்ள குன்றுகளின் மடிப்புகள் அப்போது தெளிவாகத் தெரியும். மாலையில் அவை வெறும் நிழலுருவாகிவிடும்.

நடையின் உயிரான பயிற்சி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். படத்தில் அருகிலுள்ள ஒரு நிலமுனையும் தொலைவிலுள்ள ஒரு குன்றும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நேரில் பார்ப்பவர் இடப்பக்கம் நகர்ந்தால் அருகிலுள்ளது வலப்பக்கமாகவும், வலப்பக்கம் நகர்ந்தால் அது இடப்பக்கமாகவும் விலகுவதாகத் தோன்றும். படத்திலுள்ள இடைவெளி கண்ணுக்கு முன்னும் அமையும்வரை மெல்ல நகரவேண்டும். இவ்வாறு இரண்டு சோடிகள் பொருந்திவிட்டால் இடம் ஏறத்தாழ உறுதியாகிவிடும். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துக் கடலில் மீன்படும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் நம் மீனவர்களின் வழக்கமும் இதே கணக்குத்தான். ஆனால் முன்னணியில் நிற்கும் மரத்தையும் மனிதரையும் அடையாளமாகக் கொள்ளவேண்டாம். அக்கால ஓவியர்கள் காட்சிக்குச் சட்டமிடுவதற்காக அவற்றைத் தம் விருப்பப்படி இடம் மாற்றுவது உண்டு. மலைத்தொடரின் விளிம்பையும் கரையின் வளைவையும் நம்பலாம். மலையின் உயரத்தை அவ்வளவாக நம்பக்கூடாது.

வெயில் ஏறும்முன் காலைப் பகுதியை முடித்துக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு டச்சுக்குடாக் கடற்கரையில் மீண்டும் கூடுங்கள். கடலோரப் பாறைமலையின் உச்சியிலுள்ள கோணேசர் கோயிலைக் காலையில் காட்டுவதே பலருடைய வழக்கம். ஆனால் இந்தக் கரையிலிருந்து பார்க்கும்போது காலைச் சூரியன் மலைக்குப் பின்னிருந்து கண்ணைக் கூசவைக்கிறது. மாலை வெயிலில்தான் பாறையின் செம்பழுப்பும் அடிவாரத்து ஈரக் கருமையும் பிரிந்து தெரிகின்றன. கையை நேராக நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, பாறையின் உயரத்தை விரல்நகத்தால் பென்சிலில் குறித்துக்கொண்டு, அதே அளவு கடலுக்குள் நீளும் நிலமுனையின் நீளத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒருபோதும் வரைந்திராதவர்கூட இந்த ஓர் அளவைக் கொண்டு நம்பிக்கையோடு முதல் கோட்டைப் போட்டுவிடுவார்.

பின்னர் கோயிலுக்குச் செல்லும் வழியிலுள்ள பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து மலை ஏறுங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால், அதன் கட்டடங்களைப் படமெடுக்கக் கூடாது என்பதை வாசலிலேயே அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். வழியில் புள்ளிமான்கள் நின்றால் குழு தானாகவே தாமதிக்கும், அதற்கும் நேரம் விடுங்கள்.

மலையுச்சியில் விளக்கவேண்டிய செய்தி மிக முக்கியமானது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலையை வரைந்த எவரும் இன்றைய கோயிலைக் கண்டதில்லை. போர்த்துக்கீசர் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1950-இல் மண்ணுக்கடியிலிருந்து திருவுருவங்கள் வெளிப்பட்ட பின்னரே மீள எழுப்பும் பணி வேகம் கொண்டு, 1963-இல் குடமுழுக்கு நடந்தது. ஆகவே பழைய படங்களில் கோபுரம் இல்லாததை ஓவியரின் கவனக்குறைவாக யாரும் எண்ணிவிடாதபடி, அந்த வெற்றிடத்தின் காரணத்தை நின்று நிதானமாகச் சொல்லுங்கள். சந்தனத்தையும் அகிலையும் மணிகளையும் வாரிவந்து முத்தைக் கொழிக்கும் கடலோரத்துக் கோணமாமலையைத் திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிலேயே பாடியிருக்கிறார். சொல்லால் வரைந்த அந்தச் சித்திரத்தையும் தேவாரம் பாடத் தெரிந்த ஒருவரைக்கொண்டு இங்கே கேட்கச் செய்தால், ஆங்கிலேயரின் கண்வழியாக மட்டும் இம்மலையைப் பார்க்கும் குறை நீங்கும்.

குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பாறை விளிம்பில் இடம் குறுகலானது, காற்றும் பலமானது. மே முதல் செப்டெம்பர் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்றாலும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் தாள்களைப் பற்றிக்கொள்ளக் கவ்விகள் தேவைப்படும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக்காலத்தில் நடையை ஒழுங்குசெய்தால், மாற்று நாள் ஒன்றையும் முன்பே அறிவித்துவிடுங்கள்.