பூப்பந்துப் பழக்கத்தோடு பிக்கிள்பால் ஆடினால்: கல்லூரி லீக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பிக்கிள்பால் (சிறு மட்டையால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடுவது) ஆட வரும் மாணவர்களில் பலர் பூப்பந்து (பேட்மின்டன்) ஆடி வளர்ந்தவர்கள். மட்டை பிடிப்பதும் வலைக்கு முன்னால் பாய்வதும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் லீக் ஆட்டங்களில் புள்ளி பறிபோவதும் வாக்குவாதம் கிளம்புவதும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டு விளையாட்டுக்கும் உறவு உண்டு. 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் இருந்த ஜோயல் பிரிச்சர்டின் வீட்டில்தான் பிக்கிள்பால் பிறந்தது. அங்கே இருந்த பழைய பூப்பந்துக் கோர்ட்டில்தான் முதலில் ஆடிப் பார்த்தார்கள். அதனால்தான் இன்றும் 20 அடி அகலம், 44 அடி நீளம் என்று இரட்டையர் பூப்பந்துக் கோர்ட்டின் அதே அளவு. நம் சமூக மன்ற மண்டபங்களிலும் கல்லூரி மண்டபங்களிலும் பூப்பந்துக் கோடுகளுக்கு நடுவிலேயே ஒரு தாழ்வான வலையை நிறுத்திவிட்டு ஆட முடிவது இதனால்தான்.

சிக்கலும் அந்தக் கோடுகளிலேயே தொடங்குகிறது. பூப்பந்தில் வலைக்கு அருகில் உள்ள சர்வ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி. பிக்கிள்பாலில் வலையை ஒட்டி இருபுறமும் உள்ள பகுதிக்குக் கிச்சன் என்று பெயர், அதன் கோடு வலையிலிருந்து 7 அடி. வித்தியாசம் 6 அங்குலம்தான், ஆனால் அந்த 6 அங்குலத்தில்தான் ஒருவரின் ஷூ நுனி நிற்கும். தனியாக டேப் ஒட்டாத மண்டபத்தில் ஒரு ஜோடி பழைய கோட்டைக் கணக்கில் வைக்கும், எதிர் ஜோடி மனக்கணக்கில் ஏழடியை வைக்கும். பின்பக்கமும் இதே கதை: பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தின் பின் சர்வ் கோடு உள்ளே தள்ளி இருக்கும், பிக்கிள்பாலில் அதற்கு வேலையே இல்லை. ஒற்றையர் ஆட்டத்திலும் முழு அகலம்தான், பக்கவாட்டில் உள் கோட்டை மறந்துவிடலாம். ஆட்டம் தொடங்குமுன் நான்கு பேரும் ஒருமுறை நடந்து “இதுதான் கிச்சன், இதுதான் கடைசிக் கோடு” என்று பேசிக்கொள்ள அரை நிமிடம் ஆகும். வலையின் உயரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்: ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. பூப்பந்து வலையையே இறக்கிக் கட்டினால் நடுவில் தொய்ந்துவிடும்.

கிச்சனுக்குள் காலே வைக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், நிற்கலாம், தரையில் ஒருமுறை எழும்பிய பந்தை அங்கிருந்தே அடிக்கலாம். கூடாதது ஒன்றுதான்: கிச்சனையோ அதன் கோட்டையோ தொட்டபடி பந்தை அந்தரத்திலேயே அடிப்பது. கோடும் கிச்சனைச் சேர்ந்தது. உள்ளே போயிருந்தால் இரண்டு காலையும் வெளியே ஊன்றிய பிறகுதான் அடுத்த பந்தை அந்தரத்தில் அடிக்கலாம். ஒரு காலை மட்டும் வெளியே எடுத்துவைத்து அடித்தால் அதுவும் ஃபால்ட் (விதிமீறல்).

பூப்பந்துக்காரர்கள் அதிகம் மாட்டுவது வேகத்தில். பந்து கொஞ்சம் உயர்ந்து வருகிறது, கோட்டுக்கு வெளியே நின்றுதான் ஓங்கி அடிக்கிறார், பந்து எதிர்ப்பக்கம் விழுந்து செத்தும் போகிறது. ஆனால் அடித்த வேகத்தில் ஓரடி முன்னால் போய் கிச்சனுக்குள் கால் விழுகிறது. “புள்ளி முடிஞ்ச பிறகுதானே உள்ள வந்தேன்” என்பார். செல்லாது. அடித்த வேகம் அடங்கும்வரை விதி தொடர்கிறது, பந்து அதற்குள் செத்துப்போனாலும் ஃபால்ட் ஃபால்ட்தான். அந்த வேகத்தில் தொப்பி உள்ளே விழுந்தாலும், மட்டை தரையைத் தொட்டாலும், உள்ளே நிற்கும் கூட்டாளிமேல் சாய்ந்தாலும் அப்படியே. முன்வலையில் பாய்ந்து கொல்வது பூப்பந்தில் கைதட்டல் வாங்கித் தரும். இங்கே அதே பாய்ச்சல் புள்ளியை எதிரிக்குக் கொடுத்துவிடும்.

அடுத்தது இரண்டு துள்ளல் விதி. சர்வாக வரும் பந்து ஒருமுறை தரையில் பட வேண்டும், அதைத் திருப்பி அனுப்பும் பந்தும் சர்வ் போட்ட பக்கத்தில் ஒருமுறை பட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தரத்தில் அடிக்கலாம். முதல் பாதியை யாரும் மறப்பதில்லை. மறப்பது சர்வ் போட்டவரும் அவர் கூட்டாளியும்தான்: சர்வ் போட்டதும் இருவரும் வலையை நோக்கி ஓடுகிறார்கள், திரும்பி வரும் பந்து நெஞ்சுக்கு நேராக வருகிறது, கை தானாக அடித்துவிடுகிறது. சர்வ் போடும் ஜோடி மூன்றாவது ஷாட்டை அடிக்கும் வரைக்கும் கடைசிக் கோட்டருகே நிற்பதே நல்லது.

சர்வ் பற்றி யூடியூபில் பழைய காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன, அவற்றை நம்பிப் பேசுவதால் வரும் சண்டைகளும் உண்டு. வலையில் பட்டு சரியான கட்டத்தில் விழுந்த சர்வை மறுபடி போடச் சொல்வது 2021க்கு முந்தைய விதி. இப்போது ஆட்டம் தொடரும். மேசைப்பந்து ஆடியவர்களுக்கு இது லேசில் பழகாது, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சர்வ் குறுக்காகப் போய் கிச்சனைத் தாண்டி விழ வேண்டும். கிச்சன் கோட்டில் விழுந்தால் ஃபால்ட், மற்றக் கோடுகளில் விழுந்தால் நல்ல சர்வ். பூப்பந்தில் முன்கோட்டில் விழுந்த சர்வ் செல்லும் என்பதால் இங்கே குழப்பம்.

நிற்கும் இடமும் வேறு. பூப்பந்து போலக் கட்டத்துக்குள் நின்று சர்வ் போட முடியாது. அடிக்கும் கணத்தில் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும், எந்தக் காலும் கோட்டைத் தொடக்கூடாது. அந்தரத்தில் அடிக்கும் சர்வ் என்றால் கை கீழிருந்து மேலாக வர வேண்டும், பந்து இடுப்புக்குக் கீழே மட்டையில் பட வேண்டும், மட்டையின் தலை மணிக்கட்டுக்கு மேலே இருக்கக்கூடாது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எப்போதும் சறுக்குகிறவர்கள் பந்தைக் கீழே விட்டு, எழும்பிய பிறகு அடிக்கும் சர்வுக்கு மாறலாம். அதற்கு இந்த மூன்று கட்டுப்பாடும் இல்லை. பந்தைக் கையிலிருந்து விட வேண்டும், அவ்வளவுதான். தரையில் அறையவோ மேலே தூக்கிப்போடவோ கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எண்ணிக்கைதான் ஆளைச் சுற்றவைப்பது. பூப்பந்தில் யார் சர்வ் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி. பிக்கிள்பாலின் வழக்கமான முறையில் சர்வ் போடும் ஜோடிக்கு மட்டுமே புள்ளி, 11 எடுத்து 2 புள்ளி வித்தியாசத்தில் முடிக்க வேண்டும். இரட்டையரில் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: நம் புள்ளி, எதிரியின் புள்ளி, நாம் முதல் சர்வரா இரண்டாவதா. ஒரு ஜோடியில் இருவருக்குமே வாய்ப்பு உண்டு, இருவரும் இழந்த பிறகே சர்வ் எதிர்ப்பக்கம் போகும். ஆட்டத் தொடக்கத்தில் மட்டும் விதிவிலக்கு: முதலில் சர்வ் போடும் ஜோடிக்கு ஒரே வாய்ப்பு, அதனால்தான் 0-0-2 என்று தொடங்குகிறார்கள். எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் அடிக்க வேண்டும், சொல்லிக்கொண்டே அடித்தால் ஃபால்ட்.

யார் எங்கே நின்றோம் என்று மறந்துபோனால் ஒரு வழி இருக்கிறது. தங்கள் ஜோடிக்காக ஆட்டத்தின் முதல் சர்வ் போட்டவர், ஜோடியின் புள்ளி இரட்டைப்படை என்றால் வலப்பக்கம், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். அவர் கையில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுங்கள், பாதிச் சண்டை தீரும்.

கல்லூரி லீக்கில் நடுவர் இருப்பது அபூர்வம். உங்கள் பக்கம் விழுந்த பந்துக்கு நீங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் அது எதிரிக்குச் சாதகம். 9-9-1இல் கடைசிக் கோட்டருகே ஒரு பந்து விழுகிறது என்று வையுங்கள்.

“அவுட்டுடா!”

“எனக்கு உள்ள மாதிரி இருந்துச்சு கா.”

இதோடு பேச்சு முடிந்தது, பந்து உள்ளேதான். ஒரே ஜோடிக்குள் கருத்து வேறுபட்டால் அப்படித்தான் விதி. ஓரத்தில் நிற்கும் நண்பர்களைக் கேட்கக்கூடாது. எதிர் ஜோடியைக் கேட்கலாம், ஆனால் கேட்டு அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிச்சனில் எதிரியின் கால் பட்டதைப் பார்த்தால் சொல்லலாம், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். பந்து அந்தரத்தில் இருக்கும்போது கூட்டாளி “அவுட்” என்று கத்துவது அவர்களுக்குள் பேசிக்கொள்வதுதான், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்.

வெளியே போகிற பந்தைக் கையால் பிடித்து சர்வருக்கு எறிந்துகொடுப்பது நல்ல பிள்ளைகளின் தவறு. தரையில் படுமுன் பிடித்தால், நீங்கள் கோர்ட்டுக்கு வெளியே நின்றாலும் ஃபால்ட். மண்டப விசிறியிலோ கூரையிலோ பட்டாலும் அடித்தவருக்கு ஃபால்ட். பக்கத்துக் கோர்ட்டுப் பந்து உருண்டு வந்தால் உடனே “பால்!” என்று கத்தி நிறுத்துங்கள். தலைக்கு மேலே போகும் பந்துக்குப் பின்னோக்கியே ஓடாதீர்கள், திரும்பி ஓடுங்கள். விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது அப்படித்தான்.

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்கு அருகில் திறந்தவெளியில் பயிற்சி என்றால் நேரத்தைப் பாருங்கள். பந்தின் சத்தம் குறித்துக் குடியிருப்பாளர்கள் குறைகூறுவது புதிதல்ல.

லீக் நடத்துகிறவர்களிடம் முதல் ஆட்டத்துக்கு முன்பே சிலவற்றைக் கேட்டு, வாட்ஸ்அப் குழுவில் எழுத்தாகப் போடச் சொல்லுங்கள்: 11 புள்ளியா 15ஆ, வழக்கமான எண்ணிக்கையா அல்லது பூப்பந்து போல ஒவ்வொரு பந்துக்கும் புள்ளியா, எந்த ஆண்டு விதிப்புத்தகம். நேரம் குறுகிய லீக்குகள் அடிக்கடி மாற்றுவது இரண்டாவதைத்தான். அது மாறினால் மேலே சொன்ன எண்ணிக்கை முறை உங்களுக்குப் பொருந்தாது.