தண்ணீரில்லாக் கழிப்பறையின் நெடியை அடக்கிய விதம்

முகாமுக்கு எடுத்துச்செல்லும் தண்ணீரில்லாக் கழிப்பறையில் எனக்குப் பிடித்தது, தண்ணீர் சுமக்கவே வேண்டாம் என்பதுதான். ஆனால் மறுநாளே கூடாரம்வரை மூக்கைத் துளைக்கும் நெடி. உறிஞ்சும் தூளை அள்ளிக் கொட்டியும் பயனில்லை.

சிறுநீரும் மலமும் கலந்தால் நுண்ணுயிரிகள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து, நெடியடிக்கும் அம்மோனியா வாயு ஆக்கிவிடுகின்றன. எனவே இருக்கையின் முன்பக்கம் புனல் ஒன்றைப் பொருத்தி, சிறுநீரைக் குழாய் வழியே மூடிபோட்ட கேனுக்குத் திருப்பினேன். மலத்தின்மேல் ஒவ்வொரு முறையும் மரத்தூள், ஈரம் கண்ணில் படாத அளவுக்கு. தூள் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், நமத்துப்போனது உறிஞ்சாது. நெடி அடங்கியது, ஈக்களும் குறைந்தன.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. மலம் சேர்ந்த பிளாஸ்டிக் பையைக் கட்டி, சுமந்து திரும்பி, உரிய இடத்தில் சேர்த்தே ஆகவேண்டும். பிளாஸ்டிக் பையோடு காட்டில் புதைத்துவிட்டு வருவதை என்னால் ஏற்கவே முடியாது.