செய்யாத தப்புக்குத் தண்டனை கிடைத்தபின் ஜெபிப்பது எப்படி

பதினோரு வருடம் நான் கணக்கெழுதிய இடத்தில் ஒருநாள் பணம் குறைந்தது. நான் எடுக்கவில்லை. ஆனால் வேலை போனது எனக்கு. உண்மை இன்னும் வெளியே வரவில்லை. எப்படி இன்னும் விசுவாசத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், "நான் என்ன பாவம் செய்தேன்" என்று தோண்டுவதற்கு ஓர் எல்லை வையுங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து யோசியுங்கள். ஏதாவது அகப்பட்டால் அறிக்கையிட்டுச் சரிசெய்யுங்கள். அதோடு எழுந்துவிடுங்கள். நான் மூன்று மாதம் தோண்டி, சின்ன வயதில் திருடிய பென்சில்வரை போய்விட்டேன். பிறவிக்குருடனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதானே இயேசு சொன்னார்?

அப்புறம் ஜெபம். நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள். எனக்கு ஸ்தோத்திரம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்போதுதான் பைபிளில் யோபுவின் புத்தகத்தை, தப்பு செய்யாமலே பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்தவனின் கதையை, முதல்முறையாக முழுசாகப் படித்தேன். 42 அதிகாரங்களில் நாம் பிரசங்கத்தில் கேட்பது பெரும்பாலும் முதல் இரண்டும் கடைசி ஒன்றும்தான். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற அதே வாய், மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறது. பிறகு, நீ பாவம் செய்ததால்தான் இது என்று சொல்லும் சிநேகிதர்களோடும் கடவுளோடும் பக்கம் பக்கமாக வழக்கு. கர்த்தர் அவனையும் கண்டிக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கோபம் மூண்டது, அவருக்காகப் பரிந்து பேசிய சிநேகிதர்கள்மேல்; நிதானமாய்ப் பேசியவன் யோபுதான் என்கிறார் (42:7). எத்தனையோ தடவை படித்தபின் எனக்குப் பட்டது இது: சிநேகிதர்கள் கடவுளைப் பற்றியே பேசினார்கள், ஒரு வார்த்தைகூட அவரிடம் பேசவில்லை. யோபுவோ முறையிட்டாலும் அவரிடமே முறையிட்டான்.

ஆகவே ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, "நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர்?" என்று அவரிடமே சத்தமாகக் கேளுங்கள். "அவர் ஏன் இப்படிச் செய்தார்" என்று மற்றவர்களிடம் மட்டுமே பேசத் தொடங்கினால்தான் ஆபத்து. சொந்த வார்த்தை வராத நாளில், எதுவரைக்கும் என்று கர்த்தரைக் கேட்கும் 13ஆம் சங்கீதம் இருக்கிறது. அதுவும் முடியாத நாளில் 88. அது இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது.

நியாயம் கேட்பதை நிறுத்தாதீர்கள். பொறுமையாக இரு என்று சொல்பவர்கள் பலர், வாயை மூடிக்கொண்டிரு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பொய்ப்பழியால் சிறைக்குப் போன யோசேப்பு, அங்கிருந்தே பார்வோனின் பானபாத்திரக்காரனிடம், பார்வோனுக்கு என்னைப் பற்றிச் சொல் என்று கேட்டான். அவன் மறந்துபோனான், அது வேறு. விசாரணையில் தன்னை அறைந்த சேவகனிடம் இயேசுவே காரணம் கேட்டார். நானும் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி முறையிட்டேன். அதில் ஒரே ஒரு வரி கூட்டி எழுதினால் போதும், பழிபோட்டவர் மாட்டிக்கொள்வார் என்று ஒரு சபலம் வந்தது. பெரிய சோதனையே அதுதான். எழுதினேன், ஒரு ராத்திரி வைத்திருந்து கிழித்தேன்.

ஆறுதல் சொல்ல வருபவர்கள்? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். உங்களோடும் அப்படி உட்கார ஒருவர் இருந்தால் போதும். விளக்கம் சொல்பவர்களிடம் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள். ஆராதனைக்கு மட்டும் போய்க்கொண்டே இருங்கள், கடைசி வரிசையிலாவது. பாட வராவிட்டால் பாட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும்.

பழிபோட்டவருக்காக ஜெபிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். யோபு தன் சிநேகிதருக்காக ஜெபித்தான், தெரியும். நான் இன்னும் அவர் பெயரைச் சொல்வதோடு நிற்கிறேன். பெயரைச் சொல்லி, "மிச்சத்தை நீரே பார்த்துக்கொள்ளும்" என்று எழுந்துவிடுவேன். சில ராத்திரி பெயரும் வருவதில்லை.