புயல் தாங்கும் மூங்கில் வீடு: கால் முதல் கூரை வரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அந்தக் கடலோரத்தின் கூரை வீடுகள்தாம் முதலில் பிய்ந்து போயின. அவற்றில் பலவற்றுக்குக் கைமரமும் வரிச்சும் மூங்கில்தான். ஆகவே, புயலைத் தாங்கும் வீட்டை மூங்கிலில் கட்டலாம் என்று சொன்னால், பறந்துபோன கூரையைப் பார்த்தவர்கள் நம்பத் தயங்குவது இயல்பே. ஆனால் 1999 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஆர்மேனியா நகரைக் குலுக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில், நன்கு பேணப்பட்ட மூங்கில் சட்டக வீடுகள் பல நிலைத்து நின்றன. 2022 வெள்ளத்துக்குப் பின் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரியின் வழிகாட்டுதலில் எளிய மக்கள் தங்கள் கையாலேயே மூங்கில் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அங்கும் இங்கும் மூங்கில் ஒன்றுதான். வேறுபாடு, கழிக்கு மருந்தூட்டுவதிலும், காலைத் தரையோடு பிணைப்பதிலும், கழியைக் கழியோடு இணைப்பதிலும் இருக்கிறது. செலவைக் குறைக்க நினைப்பவர் வேறு எங்கு வேண்டுமானாலும் குறைக்கலாம். இந்த மூன்றில் மட்டும் கைவைக்கக் கூடாது.

டெல்டா கடலோரத்தில் 20 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு குடும்பத்துக்கான வீடு கட்டுவதாக வைத்துக்கொண்டு முறையை விளக்குகிறேன்.

தூணுக்குக் கல்மூங்கில் ஏற்றது. அதன் உட்குழி மிகச் சிறியது, சில கழிகளில் குழியே இருக்காது. கைமரத்துக்கும் விட்டத்துக்கும் பருமனான பெருமூங்கிலைக் கொள்ளலாம். எந்த இனமானாலும் மூன்று வயது நிறைந்த கழியையே வெட்ட வேண்டும். இளங்கழி பளிச்சென்ற பச்சையாக, மேலே வெண்மாவு படிந்து, கணுக்களில் பாளை ஒட்டியிருக்கும். முற்றிய கழி மங்கி, ஆங்காங்கே பாசித்திட்டு படர்ந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை மாசியில் வெட்டுவது நல்லது. தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அடிக்கட்டையில் நீர் தேங்காது, மூங்கில் குத்தும் (புதரும்) அழுகாது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கடைப்பிடிப்பதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி மருந்தூட்டாமல் விட்டுவிடக் கூடாது. 2017-இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது என்பதால், சொந்த நிலத்தில் மூங்கில் வளர்த்து வெட்டுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது.

மருந்தூட்டாத மூங்கிலுக்கு என்ன நேரும் என்பதை ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். குடிபுகுந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. காலையில் பாயைச் சுருட்டும்போது, அரிசி மாவைச் சலித்துக் கொட்டியதுபோல மெல்லிய தூள் தரையெங்கும் படிந்திருந்தது. அந்த வீட்டம்மா அதைத் தினமும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தால் கைமரத்தில் குண்டூசித் தலையளவு துளைகள் வரிசையாகத் தெரிந்தன. விரலால் அழுத்தியதும் கழியின் உட்புறம் பொருபொருவென உதிர்ந்தது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டின் வேலை அது. உளுத்துப்போன கைமரத்தில் எத்தனை நல்ல போல்ட்டைப் பூட்டினாலும் பயனில்லை.

இதைத் தடுக்க, 100 லிட்டர் தண்ணீரில் வெங்காரம் எனப்படும் போராக்ஸ் 3 கிலோவும் போரிக் அமிலம் 2 கிலோவும் கரைத்துக்கொள்ள வேண்டும். தொட்டி கட்ட வேண்டியதில்லை. நீளமாகக் குழி வெட்டித் தடித்த தார்ப்பாய் விரித்தால் போதும். வெட்டிய கழியை ஈரம் காய்வதற்குள் ஊறவைக்க வேண்டும். கழியின் சொந்த ஈரத்தின் வழியாகத்தான் மருந்து உள்ளே பரவுகிறது. உட்குழி உள்ள கழிகளில் நீண்ட கம்பியைச் செலுத்திக் கணுத்தடுப்புகளைத் துளைத்து, கழிகள் மிதக்காதபடி மேலே பாரம் ஏற்றி, பத்து நாள் மூழ்கவைக்க வேண்டும். குழியில்லாத கல்மூங்கிலுக்கு இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. பிறகு நிழலில், காற்றோட்டத்தில், நிற்கவைத்தபடி ஆறு முதல் எட்டு வாரம் உலர்த்த வேண்டும். மிஞ்சிய கரைசலைக் குளத்திலோ வயலிலோ ஊற்றக் கூடாது. போரான் மிகுந்தால் பயிர் கருகும்.

மருந்து உள்ளே இறங்கியதா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். ஒரு கழியின் நடுப்பகுதியை அறுத்து, ஆல்கஹாலில் ஊறவைத்த மஞ்சள் சாற்றை வெட்டுமுகத்தில் தடவி உலரவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டுவைத்தால், போரான் சேர்ந்த இடம் செந்நிறமாக மாறும். சேராத இடம் மஞ்சளாகவே இருக்கும். கையுறை அணிந்துதான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது கால். இதில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. புயற்காற்று வீட்டைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, கூரையை மேலே உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது. காற்றின் அழுத்தத்தைக் கணிக்க ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரக்குறிப்பு தரும் வழி எளியது: விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதனாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். சென்னைக்கு அது வகுத்துள்ள விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தையே இங்கும் எடுத்துக்கொண்டால், அழுத்தம் 1,500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடை. நமது வீட்டின் கூரை, சுவருக்கு வெளியே நீளும் இறவாணத்தையும் சேர்த்து, 36 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட அதே அளவு இழுப்பு கூரை முழுவதும் மேல்நோக்கி இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 5.4 டன். நீளப் பக்கத்துக்கு நான்கு, அகலப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று என்று பத்துத் தூண் நட்டால், ஒவ்வொரு தூணையும் 540 கிலோ மேலே இழுக்கிறது. மூங்கில் கூரையின் சொந்த எடை அதில் சிறு பங்கைத்தான் ஈடுகட்டும். மண்ணில் இரண்டடி புதைத்த கழி இந்த இழுப்பில் முளைக்குச்சியைப் பிடுங்குவதுபோல வந்துவிடும்.

60 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழம் கொண்ட கான்கிரீட் கட்டை சுமார் 520 கிலோ எடை இருக்கும்; மிச்ச இழுப்பைக் கூரையின் சொந்த எடை பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு தூணின் அடியிலும் அதற்குக் குறையாத கட்டை வேண்டும். எல்லாக் கட்டைகளையும் சுற்றிலும் ஒரு கான்கிரீட் உத்திரத்தால் இணைத்துவிட்டால் மூலைகளில் வரும் கூடுதல் இழுப்பையும் பகிர்ந்துகொள்ளலாம். இது கணக்கின் போக்கைக் காட்டும் தோராயம்தான், கட்டுமுன், மூங்கில் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 15912 தரக்குறிப்பை அறிந்த பொறியாளர் ஒருவரிடம் உங்கள் மண்ணுக்கும் ஊருக்கும் ஏற்பக் கணக்கிட்டு வாங்குங்கள்.

மூங்கில் எந்த நிலையிலும் மண்ணைத் தொடக் கூடாது. கட்டையின் மேல் சிறு தூணை எழுப்பி, ஊரில் இதுவரை வந்த வெள்ளத்தின் உச்சக்கோட்டுக்கு மேலேயும், எப்படியும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமலும் மூங்கிலின் காலை நிறுத்த வேண்டும். கான்கிரீட்டில் ஆழப் புதைத்த இரண்டு துத்தநாக முலாம் பூசிய இரும்புப் பட்டைகள் கழியை இருபுறமும் அணைக்க, 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு குறுக்கே ஊடுருவிப் பூட்டட்டும். கடற்காற்றில் முலாம் இல்லாத இரும்பு நிற்காது. கீழ்ப் போல்ட்டுக்கும் கழியின் அடிமுனைக்கும் இடையே கட்டாயம் ஒரு கணு இருக்க வேண்டும். மூங்கில் நார்வாக்கில் இழுப்பை வியக்கத்தக்க அளவு தாங்கும். ஆனால் அதே நார்வாக்கில் மிக எளிதாகப் பிளக்கும். கணு இல்லையென்றால் போல்ட் கழியைக் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடும்.

மற்ற இணைப்புகளுக்கும் இதே நெறிதான். ஆணியை நேராக அறையக் கூடாது, முதலில் துளையிட வேண்டும். கழியின் மேல் கழி உட்காரும் இடத்தில் பிறைபோலக் குடைந்து பொருத்த வேண்டும். உட்குழியுள்ள கழியில் போல்ட் செல்லும் அறையைச் சிமெண்ட் சாந்தால் நிரப்பினால், இறுக்கும்போது கழி நசுங்காது. கயிற்றுக் கட்டு காய்ந்தால் தளரும் என்பதால் அதைத் துணையாக மட்டும் கொள்ளலாம். நான்கு மூலைகளிலும், மூலையின் இருபக்கச் சுவரிலும், குறுக்கே சாய்வுக் கழி வேண்டும். சட்டகம் சாய்ந்து விழாமல் காப்பது அதுவே. கைமரம் விட்டத்தோடும், விட்டம் தூணோடும், தூண் கட்டையோடும் ஓரிடத்திலும் அறுபடாமல் பிணைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபாருங்கள்.

சுவருக்கு, பிளந்த தப்பைகளை வரிச்சாக இருபுறமும் அடித்து, கோழிவலை போர்த்திப் பூச வேண்டும். கீழ் மூன்றடிக்குச் சிமெண்ட் பூச்சும் அதற்கு மேல் சுண்ணாம்பு கலந்த மண்பூச்சும் போதும். பூச்சு தீயிடமிருந்தும் காக்கும். மின்கம்பியைக் குழாய்க்குள் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். கதவு, சன்னல்கள் மூலையிலிருந்து இரண்டடி தள்ளியிருக்கட்டும். தப்பை பிளப்பதும் வரிச்சு அடிப்பதும் மண் குழைப்பதும் குடும்பமே செய்துகொள்ளக்கூடிய வேலைகள். உண்மையான சிக்கனம் இங்கேதான் கிடைக்கும்.

கூரை நான்கு பக்கமும் சரியட்டும். சரிவு 30 பாகை அளவில் இருந்தால் காற்றின் இழுப்பு குறையும். இங்கே ஒரு முரண் உண்டு. வெங்காரம் மழைநீரில் கரைந்து வெளியேறிவிடும், ஆகவே மூங்கிலை மழையிலிருந்து காக்க நீண்ட இறவாணம் வேண்டும். நீண்ட இறவாணமோ புயலுக்குக் கைப்பிடி. இதற்கு நான் கொள்ளும் தீர்வு, இறவாணத்தை ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டு, மழை அதிகம் அடிக்கும் பக்கத்தில் திண்ணைக்குத் தனிக்கூரை போடுவதாகும். அது பிரதான கூரையோடு பிணையாமல் இருந்தால், பெரும்புயலில் அது போனாலும் வீட்டின் கூரையைக் கிழித்துச் செல்லாது. தகடு வேய்ந்தால் ஓரங்களில் ஒவ்வொரு மடிப்பிலும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றாகவும் ஜே-போல்ட் (கொக்கிபோல வளைந்த போல்ட்) பூட்ட வேண்டும்.

வீடு முடிந்த ஆறாம் மாதத்தில் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். மூங்கில் உலர்ந்து சுருங்கியிருக்கும். பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில், மழை தொடங்குமுன், பூச்சில் விரிசலையும் காலடியில் கறையான் ஏறிய மண்தடத்தையும் இரும்பில் துருவையும் பாருங்கள். கழி ஒன்று கெட்டிருந்தால், பக்கத்தில் முட்டுக்கொடுத்து, இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, அதை மட்டும் மாற்றிவிடலாம். அதற்காக மருந்தூட்டிய கழிகள் இரண்டை இறவாணத்தின் கீழே எப்போதும் கட்டிவையுங்கள்.